தெரியுமா? உங்கள் கித்தாரின் கழுத்துக்கு இலுப்பை மரம் சொந்தம்!

கித்தார் வாங்கக் கடைக்குள் நுழைகிறவரின் கண் முதலில் எங்கே போகும்? பளபளக்கும் உடம்புக்கு. அப்புறம் பிராண்டுக்கு, அப்புறம் விலைச் சீட்டுக்கு. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இடது கை விடாமல் பிடித்திருக்கப் போவது கழுத்தைத்தான்! அந்த நெக்கை ஒரு நிமிஷம்கூடத் தடவிப் பார்க்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்! அதற்குள் என்னென்ன சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன தெரியுமா?

மரத்திலிருந்தே தொடங்குவோம். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் முதல் கித்தார் என்று பலர் தூக்கிக்கொண்டு வருவது யமஹாவின் எஃப்310 அல்லது சி40. இரண்டின் கழுத்தும் 'நேட்டோ' மரம் என்று விவரச் சீட்டில் இருந்ததுண்டு. எங்கோ ஐரோப்பாவில் வெட்டிய மரம் என்று நினைத்துவிடாதீர்கள். கித்தார் வியாபாரத்தில் நேட்டோ என்று புழங்குவது பெரும்பாலும் நம் தென்கிழக்காசியக் காடுகளின் நியாத்தோ! அந்த மரம் எந்தக் குடும்பம் தெரியுமா? சப்போட்டா குடும்பம். எண்ணெய் ஆட்டும் இலுப்பையும், திருவொற்றியூர்க் கோயிலின் தலமரமான மகிழமும் இதே குடும்பம்தான். ஒடித்தால் பால் வடியும் மரங்கள்!

அந்தப் பால் செய்த வேலையைக் கேளுங்கள். நியாத்தோவின் மிக நெருங்கிய உறவு மரம் ஒன்றின் பாலை இறுக வைத்துத்தான் 'குட்டா பெர்ச்சா' எடுத்தார்கள். கடல் தண்ணீர் உள்ளே புகாமல் தந்திக் கம்பியைப் பாதுகாக்க அந்தக் காலத்தில் அதைவிட்டால் வேறு பொருள் இல்லை. 1851-ல் ஆங்கிலக் கால்வாயின் அடியிலும், 1866-ல் அட்லாண்டிக் கடலின் அடியிலும் போட்ட கம்பிகளுக்கு மேலாடை அதுதான். கண்டம் விட்டுக் கண்டம் சேதி கடந்தது மலாயாக் காட்டு மரப்பாலின் துணையால்! தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் இன்று கிள்ளானில் கித்தார் பழகும்போது, அவர்கள் உள்ளங்கையில் இருப்பதும் ஒரு பால் மரத்தின் துண்டுதான். நினைத்தாலே சிலிர்க்கிறது!

சரி, அந்தத் துண்டை எந்த வடிவில் செதுக்குகிறார்கள்? கழுத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுமுகம் எந்த ஆங்கில எழுத்தைப் போல் இருக்கிறதோ அதுவே அந்த நெக்கின் பெயர். வளைவாக இருந்தால் 'சி'. முதுகு தட்டையாக இருந்தால் 'டி'. பக்கங்கள் தடித்து உருண்டிருந்தால் 'யு'. நடுவில் முகடு தட்டினால் 'வி'. இன்றைய அக்கூஸ்டிக் கித்தார்களில் பெரும்பாலானவை மெல்லிய 'சி' ரகம்.

இங்கேதான் ஓர் ஆச்சரியம்! விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃபிரெட். முதல் ஃபிரெட் அருகே இரண்டு கித்தார்களின் தடிமனை அளந்தால் இரண்டும் 21 மில்லிமீட்டர் காட்டலாம். அகலமும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனாலும் ஒன்று கைக்கு அடக்கமாகவும் மற்றொன்று கட்டையைப் பிடித்தது போலவும் தோன்றும். காரணம் தோள்! முதுகுக்கும் விரல்பலகைக்கும் நடுவில் இருபுறமும் மரம் எவ்வளவு சதைப்பிடிப்பாக விடப்பட்டிருக்கிறது என்பதே அந்தத் தோள். அங்கே அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் உள்ளங்கை உடனே கண்டுகொள்ளும். விவரச் சீட்டில் இருக்கும் எண் எதுவும் இதைச் சொல்லாது. கையில் எடுத்தால்தான் தெரியும்.

'வி' வடிவம் ஏன் வந்தது தெரியுமா? அழகுக்காக மட்டும் என்று நினைக்கிறீர்களா? ஆறு எஃகுக் கம்பிகளைச் சுருதி கூட்டி நிறுத்தினால் அவை கழுத்தை இழுக்கும் இழுப்பு சுமார் 70 கிலோ! நன்றாக வளர்ந்த ஓர் ஆளின் எடை, இரவும் பகலும், அந்த ஒல்லி மரத்தின் மேல்! பழைய கைவினைஞர்களிடம் இதைத் தாங்க இரும்புக் கம்பி ஏதும் இல்லை. மரத்தைத் தடிமனாக விட்டார்கள், நடுவில் முகடு நிறுத்தினார்கள். அதே முகட்டில் கட்டைவிரலைச் சாய்த்துக்கொண்டு, அதன் நுனியால் மேல் கம்பியையும் அமுக்கி வாசிக்கிற பழக்கமும் ஒரு கூட்டத்துக்குப் படிந்துபோனது. இன்றைக்கும் 'வி' நெக்கை விட மாட்டேன் என்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டைவிரல்காரர்கள்தான்.

பிறகு வந்தது புரட்சி. கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ என்பவர், கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டைப் புதைத்து, அதைத் திருகிக் கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் வழியைக் கண்டுபிடித்தார். 1923-ல் காப்புரிமை கிடைத்தது. இதுதான் டிரஸ் ராட்! இரும்பு பாரத்தைப் பங்கிட்டுக்கொண்டதும் மரம் மெலிய முடிந்தது. நம் கையில் இன்று இருக்கிற மெல்லிய நெக் அந்தத் திருகாணி போட்ட பிச்சை. ஆனால் 1833-ல் தொடங்கிய மார்ட்டின் நிறுவனம் இதற்கு எவ்வளவு காலம் அசையாமல் இருந்தது தெரியுமா? 1934-ல் திருக முடியாத எஃகுச் சட்டம் ஒன்றைப் புதைத்ததோடு சரி. திருகும் தண்டை அவர்கள் போட்டது 1985-ல்! 62 வருஷம்!

அதே மார்ட்டின், ஒரு தனி மனிதரின் கைக்காகத் தன் கித்தாரையே மாற்றிய கதையும் உண்டு. பெர்ரி பெக்டெல் என்ற பாஞ்சோ வித்வான், பாஞ்சோவின் நீண்ட ஒல்லிக் கழுத்துக்குப் பழகியவர். அப்போதைய கித்தார்களில் பெரும்பாலானவற்றில் உடம்புக்கு வெளியே 12 ஃபிரெட்தான் இருக்கும். அவருக்கு அது பற்றவில்லை. 1929-ல் அவருக்காக 14 ஃபிரெட் வெளியே நிற்கும் கழுத்தைச் செய்தார்கள். இன்று கடையில் தொங்கும் எஃகுக் கம்பிக் கித்தார்களில் பெரும்பாலானவற்றை எண்ணிப் பாருங்கள், 14-தான் இருக்கும்!

இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளிடம் வருவோம். இதைச் சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது. விஜயதசமி வருகிறது, பிள்ளையைக் கித்தார் வகுப்பில் சேர்க்க வேண்டும். நைலான் கம்பி விரலுக்கு மெத்தென்று இருக்கும் என்று யாரோ சொல்ல, அப்பா முழு அளவு சி40-ஐ வாங்கிவிடுகிறார். கம்பி மெத்தென்று இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கழுத்தின் அகலம், கம்பிகள் தலையை நோக்கிப் போகுமிடத்தில் இருக்கும் நட் அருகே, 52 மில்லிமீட்டர்! எஃப்310-ல் அது 43 மட்டுமே. ஒன்பது வயதுப் பிள்ளையின் சுண்டுவிரல் அந்த 52-ஐக் கடப்பதற்குள் மணிக்கட்டு முறுக்கிக்கொள்கிறது. நீளத்தையும் பாருங்கள். சி40-ல் நட்டிலிருந்து பாலம் வரை கம்பியின் நீளம் 650 மில்லிமீட்டர். நட்டிலிருந்து நான்காவது ஃபிரெட் வரை தூரம் 134 மில்லிமீட்டர். அதே யமஹாவின் சிறிய சிஎஸ்40-ல் கம்பி நீளம் 580, அகலம் 48. நான்கு ஃபிரெட் தூரம் ஏறக்குறைய 120-க்கு இறங்கிவிடும். 14 மில்லிமீட்டர் மிச்சம்! பெரியவர்களுக்கு இது ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைக்கு இதுதான் எல்லாம். மூன்றாம் மாதம் உறையைப் போட்டு மூடி அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டு, "இவனுக்கு வராது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்களே, பல வீடுகளில் வராமல் போனது அந்தக் கழுத்து அவன் கைக்கு!

அப்படியானால் அகலக் கழுத்து கெட்டதா? ஐயோ, அப்படியில்லை! இசைஞானி இளையராஜா லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கித்தார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர் என்பது பலருக்குத் தெரியும். அந்தக் கிளாசிக்கல் மரபின் கழுத்து அகலமானது, முதுகு தட்டையானது, விரல்பலகையும் வளைவில்லாமல் சமதளமானது. வலது கையின் ஒவ்வொரு விரலும் ஒரு கம்பியைத் தனித்தனியாக மீட்ட இடம் வேண்டும், அதற்காகவே அந்த அகலம். கட்டைவிரல் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்க்காமல் முதுகின் நடுவில் பதிந்திருக்கும். அதற்குத் தட்டை முதுகு தோதானது. இளையராஜாவின் நூறாவது படமான 'மூடுபனி' 1980-ல் வந்தது. அதில் வரும் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே கித்தார் எடுத்த தமிழர்கள் ஊருக்கு ஊர் உண்டு, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் உண்டு. விரலால் மீட்டி வாசிக்க ஆசைப்படுகிறவர் அகலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 44 மில்லிமீட்டரைத் தாண்டிய எஃகுக் கம்பிக் கித்தார்கள் அந்த ஆசைக்கென்றே இருக்கின்றன. கார்டு பிடித்துத் தட்டிப் பாடுகிறவருக்கு 43 போதும்.

இன்னொரு தவறான நம்பிக்கை: சின்னக் கைக்கு மெல்லிய நெக், பெரிய கைக்குத் தடித்த நெக். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் நடப்பில் பாதிதான் சரி. மெல்லிய நெக்கை நாள் முழுக்கப் பிடிக்கிறவருக்கு, சின்னக் கையாகவே இருந்தாலும், கட்டைவிரலின் அடிச்சதை வலியெடுப்பதுண்டு. உள்ளங்கைக்குள் நிரம்ப ஏதும் இல்லாததால் விரல்கள் தேவைக்கு மேல் இறுக்கிக்கொள்கின்றன. தடித்த நெக் கையை நிரப்பிவிடும். அழுத்தம் தானாகக் குறையும். அதனால் பத்து விநாடி பிடித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பத்து நிமிஷமாவது கார்டு மாற்றி மாற்றி வாசியுங்கள். வலி சொல்லும் பதில் ஐந்தாவது நிமிஷத்துக்கு மேல்தான் வரும்.

பிரிக்பீல்ட்ஸுக்கே உரிய ஒரு சேதி! 1951-ல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் அந்தப் பேட்டையில்தான் இருக்கிறது. வெள்ளைக்கோலைத் தட்டிக்கொண்டு அந்தத் தெருக்களில் நடப்பவர்களைப் பார்க்காத நாளே கிடையாது. அவர்களைப் போலவே பார்வையில்லாத டாக் வாட்சன் என்று ஒரு கித்தார் மேதை அமெரிக்காவில் இருந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வை போய்விட்டது. 1923-ல் பிறந்து 2012-ல் மறைந்த அந்த மனிதர், அக்கூஸ்டிக் கித்தாரில் மின்னல் வேகம் காட்டியவர். கலகர் என்ற சிறிய பட்டறை அவர் பெயரிலேயே ஒரு கித்தாரைச் செய்தது. அவர் என்ன கேட்டார் தெரியுமா? நிறமா, வேலைப்பாடா? கழுத்து! பல காலம் நடனக் குழுவில் அவர் வாசித்துப் பழகிய லெஸ் பால் எலெக்ட்ரிக் கித்தாரின் கழுத்து வடிவம் இந்த அக்கூஸ்டிக்கிலும் வேண்டும் என்றார். அப்படியே செய்து கொடுத்தார்கள். பார்வை இல்லாதவரின் கை கேட்டது அதைத்தான்! நீங்களும் கடையில் கண்ணை மூடிக்கொண்டு நான்கு கித்தார்களின் கழுத்தை வரிசையாகத் தடவிப் பாருங்கள். பிராண்டும் விலையும் மறைந்துபோகும், கை ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடும்.

வீணைக்கும் கித்தார்க் கழுத்துக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா? கித்தார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர்! அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடம் நடந்தது. வீணையில் ஃபிரெட் போன்ற மெட்டுகள் உயரமாக நிற்கும், அவற்றின் நடுவே விரல் மரத்தைத் தொடாது. அதனால்தான் தந்தியை இழுத்து இழுத்துக் கமகம் பிடிக்க முடிகிறது. இந்தச் சுகத்தைக் கண்டுவிட்டவருக்குச் சாதாரணக் கித்தார் போதுமா? ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் சுரண்டிய கழுத்தோடு ஒரு கித்தார் செய்யச் சொன்னார். ஏப் வெக்டர் என்ற கைவினைஞர் செய்து கொடுத்தார். கூடவே ரீங்காரத்துக்கு ஏழு தந்திகள் குறுக்கே! அந்தக் கித்தாரோடுதான் 'சக்தி' குழு மேடையேறியது, விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும் எல். சங்கரின் வயலினும் பக்கத்தில் முழங்க. டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981-லிருந்து நம் பிள்ளைகளுக்குக் கர்நாடக இசையும் நடனமும் சொல்லித் தந்துகொண்டிருக்கிற ஊர் கோலாலம்பூர். இங்கே கர்நாடகம் பழகிக்கொண்டே கித்தாரும் எடுக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்னொன்று: வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் நிற்கின்றன. சரவாக்கின் சாப்பே வாத்தியத்திலும் மெட்டுகளை ஒட்டுவது கொசுத்தேனீயின் மெழுகு! கடல் கடந்து கைகள் யோசித்த விதத்தைப் பாருங்கள்!

இனி, புத்தகங்களில் அதிகம் வராத, நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமான பிரச்சினை. வியர்வை! மத்தியானம் மூன்று மணி, மழை வரப்போகிற புழுக்கம், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வாசிக்கிறீர்கள். கழுத்தின் முதுகில் கண்ணாடி மாதிரி பூச்சு இருந்தால் கை ஒட்டிக்கொள்ளும். முதல் ஃபிரெட்டிலிருந்து ஐந்தாவதுக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டிய கட்டைவிரல், நடுவில் கிறீச் என்று நின்றுவிடும். அதே கழுத்துக்கு மங்கலான சாட்டின் பூச்சு இருந்தால் கை தங்குதடையின்றி நகரும். கடையில் குளிர்சாதனம் ஓடுவதால் இந்த வித்தியாசம் அங்கே தெரியவே தெரியாது! வெளியே நடந்துவிட்டு வந்த கையோடு, துடைக்காமல் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். 'சி' வடிவமா 'டி' வடிவமா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, நம் சீதோஷ்ணத்தில் பல பேருக்கு இந்தப் பூச்சுதான் பெரிய விஷயம் என்பேன்.

ஈரப்பதம் செய்கிற இன்னொரு மாயம்: கித்தார்களுக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது என்று செய்கிறவர்கள் சொல்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க 80-ஐ ஒட்டியே நிற்கிறது. காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து மேல்பலகை உப்பும். அதோடு பாலமும் மேலே எழும்பும், கம்பிகளும் கழுத்தை விட்டு உயரும். வாங்கிய நாளில் வெண்ணெயாக இருந்த நெக் ஆறே மாதத்தில் இரும்பாகிவிட்டதே என்று அழுகிறவர்கள், கழுத்தின் வடிவம் மாறவில்லை, வயிறுதான் உப்பியிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். கிள்ளான் ரயில் நிலையத்தின் புழுக்கத்திலிருந்து கொமுட்டர் பெட்டியின் குளிருக்குள், கேஎல் சென்ட்ரலில் இறங்கி மறுபடியும் புழுக்கத்துக்குள் என்று தினமும் கித்தாரைத் தூக்கிப் போகிறவர்கள் நல்ல தடித்த உறை ஒன்றுக்குச் செலவழிக்கத் தயங்கக் கூடாது. மரம் விரிந்து சுருங்கும் வேகத்தை அது குறைக்கும்.

நல்ல கழுத்து நூல் பிடித்தாற்போல் நேராக இருக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! மிக மிக இலேசாக முன்பக்கம் குழிந்திருக்க வேண்டும். அதிரும் கம்பி நடுவில்தான் அகலமாக ஆடும், அதற்கு இடம் வேண்டாமா? முதல் ஃபிரெட்டிலும் பதினான்காவதிலும் ஒரே கம்பியை அமுக்கிக்கொண்டு, ஏழாவது ஃபிரெட்டுக்கு மேல் பாருங்கள். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, மெல்லிய தாள் நுழையும் இடைவெளி தெரிந்தால் சரியான கழுத்து. அதிகம் குழிந்திருந்தால் டிரஸ் ராடைக் கால் திருப்பு திருப்பச் சொல்லுங்கள். கம்பி உயரம்தான் கோளாறு என்றால், பாலத்தின் மேல் உள்ள சேடிலைத் தேய்த்து இறக்கலாம். அதில் ஒரு கணக்கு உண்டு: அங்கே 1 மில்லிமீட்டர் தேய்த்தால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர்தான் இறங்கும்!

கடைசியாக, எஃப் கார்டு! எத்தனை பேரின் கித்தார் ஆசையைக் கொன்ற கார்டு அது! ஆள்காட்டி விரலைப் படுக்கப்போட்டு முதல் ஃபிரெட்டில் ஆறு கம்பியையும் அமுக்க வேண்டும். வரவில்லை என்றால் எல்லோரும் விரலைத்தான் திட்டுகிறார்கள். ஒரு சோதனை செய்யுங்கள். கம்பிகளை அமுக்கிப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை முதல் ஃபிரெட்டில் மாட்டிவிட்டு, அதே கார்டை ஒரு ஃபிரெட் தள்ளிப் பிடியுங்கள். சட்டென்று சுலபமாகிவிட்டதா? அப்படியானால் குற்றவாளி விரலும் இல்லை, கழுத்தும் இல்லை. நட்டின் பள்ளங்கள் ஆழமாக அறுக்கப்படாமல் கம்பிகள் அங்கே உயர்ந்து நிற்கின்றன. மெல்லிய அரம் வைத்திருக்கும் கைதேர்ந்த ஆளுக்கு அது அரை மணி நேர வேலை. பணம் கட்டுவதற்கு முன்பே, கடையிலேயே கேப்போ ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்துவிடுங்கள். பள்ளத்தைச் சரிசெய்து தந்தால்தான் எடுத்துக்கொள்வேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு!